பொதியும் பொருத்தலும்: ஒரே படியிலா, தனித்தனியா?

அம்பாறையில் ஓர் அரிசி ஆலையின் கொள்முதல், கையிருப்புக் கணக்கு ஓடும் ஜாவா சேர்வரை மட்டக்களப்பில் இருந்து நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். முதலில், ஜாவா கோட்டைக் கட்டித்தரும் கருவியான மேவனின் ஷேட் பிளகினை வைத்து, லைப்ரரிகளையும் எங்கள் மொடியூல்களையும் (கோட்டின் தனித்தனிப் பகுதிகள்) ஒரே பெரிய ஜாராக்கி, அதாவது ஒரே பொதி பைலாக்கி, அனுப்பினோம். இப்போது ஒவ்வொரு மொடியூலும் தனி ஜார். அவற்றைச் சேர்வராகப் பொருத்துவது மேவனின் அசெம்பிளி பிளகின். கோட்டை ஜாராகக் கட்டுவது பொதி, ஜார்களைச் சேர்த்து ஓடும் சேர்வராக்குவது பொருத்தல். இரண்டிலும் வேலை செய்து பார்த்துத்தான் எழுதுகிறேன்.

ஒரே ஜாரின் வசதி உண்மையானது. ஒரு பைலைக் கொண்டுபோய் வைத்து ஒரு கட்டளை கொடுத்தால் சேர்வர் எழும்பும். பதிப்புகள் கலந்துபோகாது. ஒரேயொரு சின்னச் சேவைதான் என்றால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

எங்களுக்குச் சிக்கல் வந்த இடம் வேறு. ஆலையின் பழைய கணக்கு மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில், புதியது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில். ஒவ்வொன்றோடும் பேச ஜாவாவுக்கு ஒரு டிரைவர் ஜார் வேண்டும். இரண்டு டிரைவர் ஜாரிலும் மெட்டா-இன்ஃப் கோப்புறையின் சர்வீசஸுக்குள் ஒரே பெயரில் ஒரு சின்ன பைல் இருக்கும். டிரைவர் கிளாஸின் பெயரைச் சொல்லும் பைல் அது. இரண்டு ஜாரையும் பிரித்து ஒன்றில் கொட்டும்போது ஒரு பைல்தான் மிஞ்சும். பில்ட் ஒழுங்காக முடியும். சேர்வர் பழைய கணக்கைத் தொடும்போதுதான் ‘நோ சூட்டபிள் டிரைவர்’ என்று விழும். ஷேட்டில் சர்வீசஸ் ரிசோர்ஸ் டிரான்ஸ்ஃபோமரைச் சேர்த்தால் அந்த பைல்கள் ஒன்றாக இணைந்துவிடும். சரி, ஆனால் டிஜிட்டல் கையெழுத்திட்ட ஜார் ஒன்று வந்தால் அதன் கையெழுத்து பைல்களையும் விலக்க வேண்டும். பொருத்தும் வேலையைப் பொதி கட்டும் இடத்தில் செய்வதற்கு நாம் கொடுக்கும் விலை இது.

தனித்தனியாகச் செய்தால் டிரைவர் ஜார்கள் வந்தபடியே லிப் கோப்புறையில் இருக்கும். கொள்முதல் மொடியூலில் ஒரு வரி திருத்தினால் அந்த ஜார் மட்டும் போகும். மழைக்காலத்தில் டொங்கிள் இணைப்பில் பெரிய ஜாரை ஏற்றி, பாதியில் அறுந்து, திரும்பத் தொடங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. அசெம்பிளியைத் தாய் பாமில், அதாவது எல்லா மொடியூல்களுக்கும் மேலே இருக்கும் மேவன் அமைப்பு பைலில், எழுதக்கூடாது. மேவன் தாயை முதலில் கட்டுவதால் பிள்ளை ஜார்கள் அப்போது இருக்காது. அதற்கென்று பாம் வகையில் தனி மொடியூல் வைத்து, மற்ற மொடியூல்களை அதன் சார்புகளாக எழுதினால் அது கடைசியில் ஓடும். அப்புறம், லிப்பில் பழைய பதிப்பு ஜாரை அழிக்க மறந்தால் இரண்டும் கிளாஸ்பாத்தில் (ஜாவா கோட்டைத் தேடும் இடங்களின் பட்டியல்) ஏறும். கோப்புறையில் உள்ள எல்லா ஜாரையும் நட்சத்திரக் குறி போட்டு ஏற்றும்போது எது முந்தும் என்பதற்கு ஜாவா உத்தரவாதம் தருவதில்லை. ஒரே ஜாரில் இந்தப் பயமே இல்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

டொக்கரில் (சேர்வரை அடுக்கடுக்கான இமேஜாக்கி ஓட்டும் கருவி) ஓடும், ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பில் எழுதிய சேர்வர் என்றால் நடுவழி ஒன்று உண்டு. 2020இல் வந்த 2.3 பதிப்பில் இருந்து ஒரே ஜாரையே அடுக்குகளாகப் பிரிக்கலாம்: லைப்ரரிகள் ஓர் அடுக்கு, நம் கோட் இன்னோர் அடுக்கு. மாறாத அடுக்கு மறுபடி ஏற்றப்படாது.

எங்கள் சேர்வரில் டொக்கர் இல்லை. எனவே தனித்தனியே எங்களுக்குச் சரி. நெல் வாங்காமல் அரிசி மட்டும் விற்கும் கடைக்கு இதே ஜார்களில் இருந்து கொள்முதல் இல்லாத சேர்வர் ஒன்றைப் பொருத்துகிறோம். அதற்காக எழுதியது, எந்த ஜார்கள் சேர வேண்டும் என்று அசெம்பிளி பிளகினுக்குச் சொல்லும் டிஸ்கிரிப்டர் பைல் ஒன்று மட்டுமே.