டபுள் கிளிக் செய்தால் நோட்பேட்: விண்டோஸ் 11 'டீஃபால்ட் ஆப்ஸ்' எப்படி?

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எந்த வகை ஃபைலை எந்த புரோகிராம் திறக்க வேண்டும் என்று முடிவு செய்யும் இந்த செட்டிங்கை அங்கே எல்லா மெஷினிலும் மாற்றி, ஆபத்தான சில வகை ஃபைல்கள் நோட்பேடில் திறக்கும்படி வைத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். ஜேஎஸ், விபிஎஸ் ஆகியவை ஸ்கிரிப்ட் ஃபைல்கள், அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளைகள் எழுதப்பட்டவை. அவற்றை டபுள் கிளிக் செய்தால் அவை திறக்காது, ஓடும். விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் என்ற பழைய புரோகிராம் ஓட்டிவிடும். 2016-இல் லாக்கி என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ்) ஸிப்புக்குள் ஜேஎஸ் ஃபைலாக மெயிலில் வந்தது. 2000-இல் 'ஐ லவ் யூ' வைரஸும் இதே வழிதான்: பெயர் டிஎக்ஸ்டி என முடிவதுபோல் தெரியும், அதற்குப் பின்னால் விபிஎஸ். ஃபைல் பெயரின் கடைசியில் வகையைச் சொல்லும் எக்ஸ்டென்ஷனை மறைத்து வைக்கும் பழக்கத்தை விண்டோஸ் இன்னும் விடவில்லை. கடைசியில் உள்ள ஜேஎஸ் மறைந்து 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்' என்று மட்டும் கண்ணுக்குத் தெரிந்தால் கணக்கு எழுதுகிறவர் கிளிக் செய்யாமல் என்ன செய்வார்?

செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் டீஃபால்ட் ஆப்ஸ். மேலே உள்ள கட்டத்தில் புள்ளி வைத்து ஜேஎஸ் என்று டைப் செய்து, கீழே வரும் ஸ்கிரிப்ட் ஹோஸ்டைக் கிளிக் செய்து, நோட்பேடைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம் இதேபோல் கிளிக் செய்தால் ஓடும் மற்ற வகைகள்: ஜேஎஸ்இ, விபிஎஸ், விபிஇ, டபிள்யூஎஸ்எஃப், ஹெச்டிஏ. ஒவ்வொன்றாக! ஒரே மெஷினில் மூன்று பேருக்குத் தனித்தனி லாகின் இருந்தால் மூன்று முறை. அரை நட்சத்திரம் போனது இதற்குத்தான்.

பலன்? அந்த மாதிரி ஃபைலைத் திறந்தால் நோட்பேடில் தலையும் வாலும் புரியாத எழுத்துகளாகக் கொட்டும். "அண்ணா, பில் திறக்கல, என்னமோ எழுத்தா வருது" என்று கூப்பிடுவார்கள். எனக்குப் பிடித்த புகார் அது. எதுவும் ஓடவில்லை என்று அர்த்தம். ஃபைலை டெலீட் செய்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். பவர்ஷெல் என்ற விண்டோஸின் இன்னொரு கட்டளை புரோகிராமின் பிஎஸ்1 ஃபைலுக்கு விண்டோஸே இப்படித்தான் வைத்திருக்கிறது. மற்றவற்றுக்கும் அதையே செய்து அனுப்பியிருந்தால் எனக்கு வேலை மிச்சம்.

ஒரு பக்கவிளைவு உண்டு. விண்டோஸ் லைசென்ஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று பார்க்க, கட்டளை டைப் செய்யும் கமாண்ட் பிராம்ப்டில் எஸ்எல்எம்ஜிஆர் என்று அடித்தால் அதுவும் நோட்பேடில் திறக்கும், ஏனென்றால் அது ஒரு விபிஎஸ் ஃபைல். முன்னால் சிஸ்கிரிப்ட் (ஸ்கிரிப்ட் ஹோஸ்டை நேரடியாகக் கூப்பிடும் கட்டளை) சேர்த்து, ஃபைலின் முழுப் பாதையையும் கொடுத்தால் சரியாக ஓடும். பேட் ஃபைலில் (கமாண்ட் பிராம்ப்ட் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் .bat ஃபைல்) மட்டும் கை வைக்காதீர்கள். பேக்கப் எடுக்க, சாஃப்ட்வேர் ஏற்ற என்று பல இடங்களில் அதை டபுள் கிளிக்கில்தான் ஓட்டுகிறார்கள்.

மீதி ஒரு நட்சத்திரம் போன காரணம் பெரிது. ஷார்ட்கட் ஃபைல் ஒன்று நேராக ஸ்கிரிப்ட் ஹோஸ்டையோ பவர்ஷெல்லையோ கூப்பிட்டால் இந்த மாற்றம் தடுக்காது. தானே ஓடும் புரோகிராமான இஎக்ஸ்இ ஃபைல் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதையும் இது தடுக்காது. ஸ்கிரிப்டே தேவைப்படாத இடமென்றால், விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஸ்கிரிப்ட் ஹோஸ்டுக்கான 'எனேபிள்ட்' மதிப்பை 0 ஆக்கி மொத்தமாக அணைத்துவிடலாம். எங்களிடம் பழைய சாஃப்ட்வேர் ஒன்று விபிஎஸ்ஸை நம்பிக்கொண்டிருக்கிறது, அதனால் என்னால் முடியவில்லை. அது ஸ்கிரிப்ட் ஹோஸ்டை நேரடியாகக் கூப்பிடுவதால், நோட்பேடுக்கு மாற்றிய பிறகும் வழக்கம்போல் ஓடுகிறது.