ஒளிப்பதிவுப் படிப்பு: போட்ட காசு திரும்ப எத்தனை வருடம் ஆனது?

2017-ல் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஒளிப்பதிவும் புகைப்படமும் சேர்ந்த ஓராண்டு டிப்ளமோ படித்தேன். இப்போது திருச்சியில் கல்யாணம், நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரம் என்று கேமராவை வைத்துத்தான் குடும்பம் ஓடுகிறது. "சேரலாமா அண்ணா, காசு திரும்ப வருமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களைவிட அவர்களுடைய அப்பாக்கள் அதிகம் கேட்கிறார்கள். போனில் சொல்லி முடிகிற கணக்காக இது இல்லை.

செலவிலிருந்து வருகிறேன். கட்டணம் 2 லட்சத்து 20 ஆயிரம். பெரும்பாலானவர்கள் இந்த ஒரு எண்ணைத்தான் விசாரிக்கிறார்கள். சாலிகிராமத்தில் இன்னும் இருவரோடு ரூம், மெஸ் சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து மாதம் 8,000. ஆக வருடத்துக்கு 96,000. எடிட்டிங்குக்கு லேப்டாப் 70,000. கடைசி மூன்று மாதத்தில் டிப்ளமோ குறும்படம் எடுக்க வேண்டும். லைட் வாடகை, லொக்கேஷன், யூனிட் சாப்பாடு எல்லாம் மாணவர் கைக்காசு. என் பங்கு 40,000 ஆனது. சேரும்போது கொடுத்த கட்டண விவரத் தாளில் இது ஒரு வரிகூட இல்லை. படிக்கப் போவதற்கு முன்னால் உள்ளூர் ஸ்டுடியோவில் மாதம் 12,000 வாங்கிக்கொண்டிருந்தேன். அதை விட்டுப் போனதில் வராமல் போனது 1 லட்சத்து 44 ஆயிரம். மொத்தம் கூட்டினால் 5 லட்சத்து 70 ஆயிரம். 2.20 என்று நினைத்துப் போகிற வீட்டுக்கு 5.70 வந்து நிற்கும்.

இதில் கேமரா இல்லை என்பதைக் கவனியுங்கள். படிக்கும்போதே கேமரா வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. படித்து முடித்த பிறகும் வேலை வந்த நாளுக்கு மட்டும் வடபழனியில் கேமரா பாடியும் லென்ஸும் வாடகைக்கு எடுத்தேன். நாளுக்கு 1,500 முதல் 2,000 வரை ஆகும். 2019-ல் மாதாமாதம் வேலை வரும் என்று தெரிந்த பிறகு, சிறுதொழிலுக்கான முத்ரா கடனில் கிஷோர் பிரிவில் இரண்டரை லட்சம் வாங்கி, கையிலிருந்ததையும் போட்டு சோனி ஏ7 III கேமரா, இரண்டு லென்ஸ், ஃபிளாஷ் எல்லாம் வாங்கினேன். என் வகுப்பில் முதல் மாதமே இஎம்ஐயில் கேமரா வாங்கிய இரண்டு பேர், தவணை கட்டுவதற்காகவே கிடைத்த வேலைக்குப் போய் வகுப்பைத் தவறவிட்டார்கள்.

படிப்பு எனக்கு எதைக் கொடுத்தது என்றால், வெளிச்சத்தைக் கொடுத்தது. கேமராவில் எந்தப் பட்டன் எதற்கு என்பதற்கு யூடியூபே போதும். அதற்கு இரண்டு லட்சம் கட்ட வேண்டாம். ஆனால் இருட்டடித்த அறையில் ஒரு ஆளை உட்கார வைத்து, ஒரே ஒரு லைட்டை நகர்த்தி நகர்த்தி, மறுபக்கக் கன்னத்தில் தெர்மாகோல் அட்டையால் எவ்வளவு வெளிச்சம் திருப்பினால் முகம் எப்படி மாறுகிறது என்று வாரக்கணக்கில் பார்த்தது வேறு எங்கும் கிடைத்திருக்காது.

கல்யாண மேடையில் அது எப்படி உதவுகிறது என்று பாருங்கள். மாப்பிள்ளை மாநிறம், வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பட்டு வேட்டி. பெண்ணுக்கு மெரூன் கூரைப்புடவை. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணக்குப் போடும். ஃபிரேமில் வெள்ளை நிறைய இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று முடிவு செய்து குறைத்துவிடும். முகம் கறுத்துப் போகும். "தம்பி, வேட்டியப் பாக்காத, மூஞ்சியப் பாரு" என்று எங்கள் லைட்டிங் வாத்தியார் தினமும் சொல்வார். பிறகு மண்டபத்து எல்இடி விளக்குகள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் வேகத்தை நொடியில் ஐம்பதில் ஒன்று, நூறில் ஒன்று என்று வைக்காவிட்டால் வீடியோவில் பட்டை பட்டையாகக் கோடு ஓடும். சத்தமில்லாமல் எடுக்கலாம் என்று எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால் போட்டோவிலும் கோடு விழும். தாலி கட்டுவது சில நொடி. "இன்னொரு தடவை கட்டுங்க சார்" என்று கேட்க முடியாது. இதெல்லாம் அந்த அறையில் கை பழகியதால்தான் இன்று பதற்றமில்லாமல் வருகிறது.

கொடுக்காதது வேலை. சேரும்போது பேசிய "பிளேஸ்மென்ட் உதவி" படிப்பு முடிந்ததும் ஒரு வாட்ஸ்அப் குழுவாகச் சுருங்கிவிட்டது. சினிமா ஆசையில் ஒரு சின்னப் படத்தில் ஒளிப்பதிவு உதவியாளராகச் சேர்ந்தேன். காலை ஆறு மணி கால்ஷீட், நாளுக்கு 500 பேட்டா, சம்பளம் படம் முடிந்ததும் என்றார்கள். படம் பாதியில் நின்றது, சம்பளமும் வரவில்லை. சினிமாதான் குறிக்கோள் என்றால் இரண்டு வருடம் வீட்டிலிருந்து பணம் வர வழி இருக்க வேண்டும். ஒளிப்பதிவாளர் சங்க உறுப்பினர் கட்டணத்தையும் தனியாக எடுத்து வைக்க வேண்டும். டிப்ளமோவைவிட யாரிடம் உதவியாளராக இருந்தோம் என்பதே அங்கே பேசும். கே.வி. ஆனந்த் பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்து, பி.சி. ஸ்ரீராமிடம் உதவியாளராகச் சேர்ந்துதான் ஒளிப்பதிவாளர் ஆனார். அதே பி.சி. ஸ்ரீராம் அரசு திரைப்படக் கல்லூரியில் படித்தவர். இரண்டு வழியும் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு நேரமும் பொறுமையும் இருந்தால் தரமணியில் இருக்கும் அந்த அரசு நிறுவனத்துக்கு முதலில் விண்ணப்பம் போடச் சொல்வேன். கட்டணம் தனியாரோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. இடங்களும் குறைவு.

சரி, வருமானம். முதலில் இரண்டாவது கேண்டிட் (போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாக எடுப்பது) கேமராவாக நாளுக்கு 2,500; 2019-ல் 5,000. இப்போது சொந்தமாக ஆர்டர் எடுக்கிறேன். ரிசப்ஷன், முகூர்த்தம் சேர்த்து 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கு எடுத்த ஒரு கல்யாணத்தைப் பாருங்கள். டிரடிஷனல் (சடங்கு, குரூப் என்று வழக்கமாக எடுப்பது) போட்டோ ஆளுக்கு 8,000, டிரடிஷனல் வீடியோவுக்கு 8,000, கேண்டிட் வீடியோவுக்கு 14,000, இரண்டு ஆல்பம் 22,000, எடிட்டிங் 10,000, டிரோன் 6,000, வண்டியும் சாப்பாடும் 5,000, ஹார்ட் டிஸ்க் 3,000. மீதி 34,000. அதிலும் 5,000-ஐ கேமராவுக்கென்று ஒதுக்கி வைக்கிறேன். ஏ7 III ஷட்டருக்கு 2 லட்சம் கிளிக் என்று ஆயுள் கணக்கு. ஒரு கல்யாணத்துக்கு 3,000 கிளிக் என்றால் அறுபது, எழுபது கல்யாணத்தில் அந்த எண் வந்துவிடும். ஆல்பம் கொடுக்கும்போது வர வேண்டிய கடைசித் தவணை பல வீடுகளில் இழுக்கும். அதனால் முகூர்த்தத்தன்றே முக்கால் பங்கு வாங்கிவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் இல்லை. படிப்பின் உண்மையான வரவு எனக்கு அந்த மாதங்களில்தான் தெரிந்தது. தீபாவளிக்கான விளம்பரத்தைப் புரட்டாசியில்தான் எடுப்பார்கள். என்னோடு ஸ்டுடியோவில் இருந்த நண்பர் படிக்கப் போகாமல் தொழிலிலேயே கற்றுக்கொண்டவர். 2019 வரை என்னைவிட நன்றாகச் சம்பாதித்தார், கல்யாண போட்டோவில் இன்றும் எனக்குச் சமம். ஆனால் நகையை மேசையில் வைத்து எடுக்கும் வேலை என்னிடம் வருகிறது. தங்கம் கண்ணாடி மாதிரி. எதிரில் இருப்பதையெல்லாம் காட்டும், கேமராவையும் நம் சட்டையையும் உள்பட. சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டி வெளிச்சத்தை மென்மையாக்கி, ஆரத்தின் விளிம்பு தெரிய கறுப்பு அட்டையை ஓரத்தில் செருக வேண்டும். இந்த வேலைக்கு திருச்சி என்.எஸ்.பி. ரோடு நகைக்கடைகளில் நாளுக்கு 15,000 கிடைக்கிறது, செலவும் கம்மி. கம்பெனி பில் என்றால் 10 சதவிகிதம் டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்து வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளலாம், வரி அதற்கும் கீழே என்றால் மீதி திரும்ப வரும்.

2020-ல் கல்யாணத்துக்கு 50 பேர் என்று கட்டுப்பாடு வந்தபோது ஆர்டர்கள் அப்படியே நின்றன. அந்த இடைவெளியையும் சேர்த்து, ஸ்டுடியோவிலேயே இருந்திருந்தால் வந்திருக்கும் சம்பளத்தைக் கழித்துப் பார்த்தால், 5.70 லட்சம் முழுசாகத் திரும்பியது 2022 ஆவணியில். கொரோனா இல்லையென்றால் மூன்று வருடத்தில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். கல்யாண வேலை மட்டும் போதும் என்பவர்கள் நல்ல ஸ்டுடியோவில் இரண்டு வருடம் இருந்தாலே போதும். விளம்பரம், பொருள் படப்பிடிப்பு, சினிமா என்று போக விரும்பினால் படிப்புக்குச் செலவு செய்யலாம்.

சேரும் முன் ஒரு கேமராவுக்கு எத்தனை மாணவர்கள், லைட்டிங் அறை வகுப்பு முடிந்த பிறகும் திறந்திருக்குமா, டிப்ளமோ படச் செலவு யாருடையது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் இரண்டு வருடம் முன்னால் முடித்த மாணவர்கள் சிலரின் நம்பர் வாங்கிப் பேசுங்கள். ஆடியில் கூப்பிட்டால் நல்லது. அப்போதுதான் அவர்களுக்கு நிதானமாகப் பேச நேரம் இருக்கும்.