51.2 வோல்ட் 200 ஏ.எச். ஸ்டிக்கரை நம்பினேன், 2 லட்சத்து 40 ஆயிரம் போச்சு

2 லட்சத்து 40 ஆயிரம். வீட்டுக்குச் சொந்தமாக பேக்கப் கரண்ட் போட்டுக்கொள்ள வருஷக்கணக்கில் சேர்த்த பணம். இன்று அது சுவரோரம் ஒரு கறுப்பு பேட்டரிப் பெட்டியாகவும், வெளியே தார்ப்பாய் போர்த்திய ஒரு ஜெனரேட்டராகவும் கிடக்கிறது. இரண்டும் சொன்னதில் பாதி வேலைகூட செய்யவில்லை. இதே செட்டை வாங்க யோசித்துக்கொண்டிருப்பவர்கள் முழுதாகப் படியுங்கள். கோபத்தில் எழுதுகிறேன், முன்னுக்குப் பின் தாவினால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பெயர் போடவில்லை. புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கடை விரிக்கலாம் என்கிற மாதிரியான பெரிய ஆன்லைன் சந்தை ஒன்று. அதற்குள் "வீட்டுக்கான முழு பேக்கப் செட்" என்று விற்கிற ஒரு கடை. லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர், ஜெனரேட்டர், கேபிள், பிரேக்கர் எல்லாம் ஒரே பில்லில். பேட்டரி எல்.எஃப்.பி. வகை, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். 3.2 வோல்ட் செல் 16-ஐ வரிசையாகக் கோர்த்தால் 51.2 வோல்ட். அதை 200 ஆம்பியர்-அவரால் (ஏ.எச். என்பது இதுதான்) பெருக்கினால் 10,240 வாட்-அவர், அதாவது 10.24 யூனிட். இந்தக் கணக்கில் தப்பே கிடையாது. கணக்கு சரியாக இருந்ததால்தான் நம்பிக்கையும் வந்தது.

ஆனால் நான் பணம் அனுப்பியது கணக்கைப் பார்த்து மட்டும் இல்லை. விற்றவன் பேசிய விதம் அப்படி. என்னென்ன ஓட்டுவீர்கள் என்று கேட்டான். ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு, ரவுட்டர், எப்போதாவது தண்ணீர் மோட்டார் என்றேன். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஓடுகிற கரண்டைப் போல பல மடங்கு இழுக்கும், அதனால் இன்வெர்ட்டர் 5 கிலோவாட் வேண்டும், அதுவும் ப்யூர் சைன் வேவ், அதாவது வெளி மின்சாரம் போலவே சீரான அலையாகக் கொடுக்கிற வகைதான் என்றான். சரியான பேச்சு. நான் 300 ஏ.எச். பேட்டரி பார்க்கிறேன் என்று சொன்னதும், "எதுக்கு சார் வீணா? உங்க லோடுக்கு 200 தாராளம். மிச்சப் பணத்தை வச்சுக்கோங்க" என்றான். குறைவாக வாங்கு என்று சொல்கிற வியாபாரியை யார் சந்தேகப்படுவார்கள்?

அதற்கு மேல் ஒரு வீடியோ வேறு. பேட்டரிப் பெட்டி மேல் வெள்ளைத் தாளில் என் பெயரும் தேதியும் எழுதி ஒட்டியிருந்தது. பக்கத்தில் கெபாசிட்டி டெஸ்ட்டர். எண் ஓடி ஓடி 203 ஏ.எச்.சில் போய் நின்றது. "உங்க பேட்டரிதான் சார், உங்க கண் முன்னாடியே டெஸ்ட்." அன்று சாயங்காலமே பணம் போனது. அந்த வீடியோவை இப்போது நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். டெஸ்ட்டரிலிருந்து கிளம்புகிற சிவப்பு, கறுப்பு ஒயர் இரண்டும் படத்தின் இடது ஓரத்தில் போய் மறைகின்றன. என் பெயர் ஒட்டிய பெட்டியோ வலது பக்கம் இருக்கிறது. ஒயரின் மறுமுனை எந்த பேட்டரியில் மாட்டியிருந்தது என்பது அவனுக்கே வெளிச்சம்.

பெட்டி வந்தது, மாட்டினோம், விளக்கு எரிந்தது. முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. அப்புறம் ஒரு நாள் வெளி மின்சாரம் சாயங்காலமே போய்விட்டது. எங்கள் வீட்டில் ராத்திரி லோடு சராசரியாக 400 வாட்தான். இன்வெர்ட்டர் தின்கிற நஷ்டத்தைக் கழித்தாலும் 20 மணி நேரத்துக்கு மேல் வர வேண்டும். விடிவதற்கு முன்பே டொப்பென்று எல்லாம் அணைந்தது. பேட்டரி திரையில் பாதிக்கு மேல் சார்ஜ் மிச்சம் என்று காட்டுகிறது! பாதி இருந்தால் ஏன் அணைய வேண்டும்? திரும்ப சார்ஜ் ஏற்றினால் பாதியிலிருந்தே தொடங்கி 100-க்குப் போகிறது.

கேட்டேன். "புது பேட்டரி சார், செல் எல்லாம் பேலன்ஸ் ஆகணும். பத்து தடவை ஃபுல்லா ஏத்தி இறக்குங்க, தானா சரியாயிடும்." எவ்வளவு பொறுப்பான பதில் பாருங்கள். பொருளைத் திருப்பி அனுப்ப அந்தச் சந்தையில் கெடு பத்து நாள். 10 யூனிட் பேட்டரியை வீட்டு லோடில் ஒரு தடவை முழுதாக ஏற்றி இறக்கவே ஒரு நாள் ஓடிவிடும். பத்து தடவை முடிவதற்கும் கெடு முடிவதற்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. இது தெரியாமல் சொன்ன ஆலோசனை இல்லை, கெடுவைத் தாண்ட வைக்கிற வேலை. பேலன்ஸ் என்பது ஏறுமாறாக இருக்கிற செல்களை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது, அவ்வளவுதான். செத்துக்கொண்டிருக்கிற செல்லுக்கு அது உயிர் கொடுக்காது.

கெடு முடிந்ததும் குரலே மாறிவிட்டது. முதலில் கேபிள் நீளம் என்றான். அப்புறம் இன்வெர்ட்டர் செட்டிங். அப்புறம் "லோக்கல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டுங்க." கூப்பிட்டுக் காட்டினேன்.

வந்தவர் அதிகம் பேசாத மனிதர். பேட்டரியை முழுதாக ஏற்றி, 1 கிலோவாட் ஹீட்டர் ஒன்றை மட்டும் மாட்டி, நடுவில் ஒரு எனர்ஜி மீட்டர் வைத்தார். 4.7 யூனிட்டில் கட். இன்வெர்ட்டர் நஷ்டத்தையும் சேர்த்தால் பேட்டரி கொடுத்தது 5 யூனிட்டும் சொச்சமும். 10.24-க்குப் பணம் கொடுத்தவனுக்குக் கிடைத்தது பாதி. திரை அப்போதும் 49 சதவீதம் என்று கூசாமல் காட்டியது. செல் வோல்டேஜைத் திறந்து பார்த்தால் 15 செல் 3 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது, 11-ஆம் செல் மட்டும் 2.5. ஒரு செல் அந்த மட்டத்துக்கு விழுந்தால் பி.எம்.எஸ்., அதாவது பேட்டரிக்குள் செல்களைக் கண்காணிக்கிற சர்க்யூட், மொத்த பேட்டரியையும் நிறுத்திவிடும், நிறுத்தத்தான் வேண்டும்.

அப்படியானால் அந்த 49 எங்கிருந்து வந்தது? அவர் போனில் பி.எம்.எஸ். ஆப்பைத் திறந்தார். கெபாசிட்டி என்ற இடத்தில் 200 என்று இருந்தது. அதை அழித்து 500 என்று தட்டி, சேமித்தார். பேட்டரி திரையைத் திரும்பிப் பார்த்தால் 500 ஏ.எச். என்று காட்டுகிறது! எனக்கு வயிறு எரிந்தது. அந்த எண் பேட்டரியை அளந்து வந்தது இல்லை, யாரோ கையால் அடித்தது. உள்ளே போகிற, வெளியே வருகிற கரண்டை எண்ணி, அடித்து வைத்த எண்ணிலிருந்து கழித்துத்தான் சதவீதம் காட்டுகிறது. மூலம் பொய் என்றால் சதவீதமும் பொய். எல்.எஃப்.பி.யில் இன்னொரு தொல்லை, சார்ஜ் 80 சதவீதத்திலும் 30 சதவீதத்திலும் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒன்றாகவே நிற்கும். வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்தாலும் குட்டு சட்டென்று வெளிப்படாது.

மூடியைக் கழற்றினார். எல்லா செல்லுக்கும் புதுசு போல நீல உறை. ஆனால் ஓரமெல்லாம் சுருக்கம். டெர்மினல் மேல் அரம் போட்டுத் தேய்த்த கோடுகள், முன்பு வேறு எதிலோ பட்டை வைத்து முறுக்கியிருந்த வட்டத் தடம் அதற்கு அடியில் மங்கலாகத் தெரிகிறது. செல் தலையில் இருக்கும் க்யூ.ஆர். கோடு சிலவற்றில் சுரண்டப்பட்டிருக்கிறது. மூன்று செல் வயிறு உப்பியிருக்கிறது. "எங்கேயோ ஓடி முடிச்ச செல்லு. உறை மாத்தி வித்திருக்காங்க" என்றார். புது பேட்டரி விலை கொடுத்து, யாரோ கழித்துப் போட்டதை வீட்டுக்குள் வைத்திருக்கிறேன். 2 லட்சத்து 40 ஆயிரம்!

ஜெனரேட்டர் கதை தனி. பக்கவாட்டில் பெரிதாக "5000" என்று எழுதியிருக்கிறது. விளம்பரத்தில் 5 கே.வி.ஏ. என்று போட்டிருந்தான். கே.வி.ஏ.வை பவர் ஃபேக்டர் என்கிற எண்ணால் பெருக்கினால்தான் நிஜமான கிலோவாட், நியாயமான 5 கே.வி.ஏ. என்றால் 0.8 பவர் ஃபேக்டரில் 4 கிலோவாட் வர வேண்டும். பேட்டரிக்கு 60 ஆம்பியர் சார்ஜ் வைத்தால் 3 கிலோவாட்டும் கொஞ்சமும்தான் இழுக்கும். இது இரண்டரையிலேயே மூச்சு வாங்குகிறது. நிமிஷத்துக்கு 3000 சுற்று நிலையாக ஓடினால்தான் 50 ஹெர்ட்ஸ் வரும், 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடமென்றால் 3600. இது ஏறி இறங்கி ஆடுகிறது. இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் கரண்டை உள்ளே எடுக்கும், டக்கென்று ரிலே சத்தம், வெளியே தள்ளும், மறுபடி எடுக்கும். ராத்திரி முழுக்க டக், டக். 20 ஆம்பியருக்குக் குறைத்தால் மட்டும் ஒழுங்காக ஏறுகிறது. மூடியைக் கழற்றி ஒரு சுற்றின் மேல் பூச்சை நகத்தால் சுரண்டிப் பார்த்தார் எலக்ட்ரீஷியன். வெளியே செம்பு நிறம், உள்ளே வெள்ளி போலப் பளபளக்கிறது. அலுமினிய வைண்டிங். "நூறு சதவீதம் காப்பர்" என்பது விளம்பரத்தின் முதல் வரி.

இதற்குக் கடைக்காரன் சொன்ன பதில்: "5000-ங்கிறது மாடல் பேரு சார், வாட் இல்ல." படித்துவிட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இதெல்லாம் பணம். அந்த பிரேக்கர் விவகாரம் உயிர். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே போட அவன் அனுப்பியது சாதாரண ஏ.சி. எம்.சி.பி., அதாவது வீட்டு லைனுக்குப் போடுகிற பிரேக்கர். வோல்டேஜ் எண்ணுக்குப் பக்கத்தில் ஏ.சி.க்கான அலைக்கோடு போட்டிருக்கிறது. ஏ.சி.யில் கரண்ட் நொடிக்கு நூறு தடவையாவது பூஜ்யத்தைத் தொடும், அதனால் ஸ்விட்ச் பிரியும்போது பொறி தானாக அறுந்துவிடும். பேட்டரி கொடுக்கிற டி.சி.யில் பூஜ்யமே கிடையாது, பொறி பிடித்துக்கொண்டு நிற்கும். 5 கிலோவாட்டை 51 வோல்ட்டில் எடுத்தால், இன்வெர்ட்டர் நஷ்டத்தையும் சேர்த்து 100 ஆம்பியருக்கு மேல் ஓடுகிற இடம் அது. ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கில் பாயும். அங்கே டி.சி. ஃப்யூஸ், முடிந்தால் கிளாஸ் T வகை, இல்லாமல் ஒரு கிட்டை விற்பவனை என்னவென்று சொல்வது? எலக்ட்ரீஷியன் முதல் வேலையாக அதைக் கழற்றி எறிந்தார்.

மீட்டர் படம், செல் படம், எல்லாவற்றையும் அனுப்பினேன். பதில்: "சீல் ஸ்டிக்கர் கிழிச்சிட்டீங்க, வாரண்டி போச்சு." எலக்ட்ரீஷியனிடம் காட்டச் சொன்னது யார்? சரி, பெட்டியையே திருப்பி எடுத்துக்கொள் என்றேன். "லித்தியம் அபாயப் பொருள் பட்டியல்ல இருக்கு சார், கூரியர்ல எடுக்க மாட்டாங்க. நீங்களே லாரி பிடிச்சு அனுப்புங்க." அபாயப் பொருள் என்பது உண்மைதான், அபாயப் பொருள்களுக்கான எண் வரிசையில் யு.என். 3480 என்று அதற்குத் தனி எண்ணே உண்டு. என் வீட்டுக்கு வரும்போது மட்டும் அது சாதாரணப் பார்சலாக வந்ததே, எப்படி?

சந்தைக்காரர்களிடம் போனேன். முதலில் தானாகப் பதில் சொல்லும் பெட்டி. "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்." பிறகு ஒரு ஆள். "கெடு முடிந்துவிட்டதால் விற்பனையாளரை அணுகவும்." விற்பனையாளரை அணுகினால் மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார். எப்போது கூப்பிட்டாலும் மீட்டிங். கடைசியாக ஒரு பேரம் வந்தது. 12 ஆயிரம் திருப்பித் தருகிறார்களாம், புகாரை வாபஸ் வாங்கி ஐந்து நட்சத்திரம் போட வேண்டுமாம். 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு 12 ஆயிரம். நட்சத்திரம் வேறு வேண்டுமாம்! அங்கே ஏற்கெனவே வரிசையாக நிற்கிற ஐந்து நட்சத்திரங்கள் எப்படி வந்தன என்று அப்போதுதான் புரிந்தது. பணம் கட்டிய வங்கியில் தகராறு மனு கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் புகாரும் போட்டாச்சு.

வாங்குபவர்களுக்கு விவரமாகச் சொல்கிறேன் என்றேன். உட்கார்ந்து எழுத இப்போது மனசு இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பேட்டரி வந்த அன்றே முழுதாக ஏற்றி, தெரிந்த லோடு ஒன்றை மாட்டி, எனர்ஜி மீட்டர் வைத்து காலி செய்து பாருங்கள். திரையில் காட்டும் எண்ணைப் பார்க்கவே வேண்டாம். யூனிட் குறைந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பும் பொத்தானை அழுத்துங்கள், "பத்து தடவை ஏத்தி இறக்குங்க" என்றால் போனை வையுங்கள். பேச்செல்லாம் சந்தையின் சாட்டிலேயே இருக்கட்டும். ஜெனரேட்டரில் மாடல் எண்ணை விட்டுவிட்டு தகட்டில் தொடர்ந்து கொடுக்கக்கூடிய கிலோவாட் என்ன என்று பாருங்கள், தகடே இல்லை என்றால் வாங்காதீர்கள். பேட்டரிப் பக்கம் டி.சி. ஃப்யூஸ் இல்லாமல் ஒரு நிமிஷமும் ஓட்டாதீர்கள். ஜெனரேட்டரை நேராக வீட்டு லைனில் சொருகாதீர்கள், வெளி லைனைப் பிரித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் கட்டாயம், இல்லையென்றால் கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேன் மேல் கரண்ட் பாயும். மழை என்று அதை வராண்டாவுக்கோ ஜன்னலோரமோ இழுக்கவும் கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

இன்னொன்று. நேற்றுத் தேடிப் பார்த்தேன். அந்தக் கடை காணாமல் போய்விட்டது. அதே செட், அதே விலை, அதே படங்கள், புதுப் பெயரில் ஒரு கடையில் இருக்கின்றன. மூன்றாவது படத்தில் பேட்டரிப் பெட்டி மேல் 200 ஏ.எச். ஸ்டிக்கர் கொஞ்சம் சாய்வாக, வலது மூலை தூக்கிக்கொண்டு இருக்கும். பேசுகிற ஆள் உங்களிடமும் 300 வேண்டாம், 200 போதும் என்பான்.