ஃபாக் லைட்: வயரிங்கில் குறையில்லை, பிராக்கெட்டில்தான் எரிச்சல்

புதிதாகப் பிக்கப் வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர் "ஃபாக் லைட் போடலாமா, உங்களுடையது எப்படி இருக்கிறது?" என்று கேட்டிருந்தார். நேற்றுதான் பம்பருக்கு அடியில் படுத்து, விளக்கைத் தாங்கும் அந்தப் பிராக்கெட்டை மறுபடியும் முறுக்கிவிட்டு எழுந்தேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் நியாயமாகவே எழுதப் பார்க்கிறேன்.

என்னிடம் இருப்பது சாதாரண செட்தான். 12 வோல்ட், 55 வாட் ஹாலஜன் பல்பு இரண்டு, பம்பரில் ஒற்றை போல்ட்டில் நிற்கும் வகை.

வெளிச்சத்தைக் குறை சொல்லவே முடியாது. அடர்ந்த பனியில் ஹைபீம் போட்டால் ஒளி நீர்த்துளிகளில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி வருகிறது, எதிரே வெள்ளைச் சுவர் எழுப்பியது மாதிரி. ஃபாக் லைட் தாழ்வாக இருப்பதால் ஒளி கண் மட்டத்துக்கு வெகு கீழே, அகலமாக, தரையோடு தரையாகப் போகிறது. அதன் மேல் விளிம்பு நேர்க்கோடாக வெட்டியிருப்பதுதான் முக்கியம். சாலையோரக் கோடும் மண் சரிவும் தெளிவாகத் தெரியும். தூரம் தெரியாது, அதற்காகச் செய்த விளக்கும் இல்லை. வேகத்தைக் குறைத்து ஓட்டுகிறவருக்குத்தான் இது பயன்படும். மஞ்சள் நல்லதா வெள்ளை நல்லதா என்று பலரும் கேட்பார்கள். கண்கூச்சத்தில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. ஆனால் விளிம்பு சரியாக வெட்டாத விளக்கில் எந்த நிறம் போட்டாலும் வீண்.

வயரிங்கை நானே செய்தேன், அதில் எனக்குப் பெருமை உண்டு. இரண்டு பல்பும் சேர்ந்து 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அத்தனையையும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகக் கொண்டுபோகக் கூடாது, ரிலே (சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) கட்டாயம் வேண்டும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 15 ஆம்பியர் ஃப்யூஸ், அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண்ணிட்ட முனை, 87-ஆம் முனையிலிருந்து விளக்குகளுக்கு. 85, 86 இரண்டும் ரிலேயை இயக்கும் சுருளுக்கு: ஒன்று எர்த், மற்றொன்று சுவிட்ச். சுவிட்சுக்கான மின்சாரத்தைப் பார்க் லைட் வயரிலிருந்து எடுத்தேன். பார்க் லைட்டை அணைத்தால் இதுவும் அணைந்துவிடும், இதை மட்டும் அணைக்க மறந்து பேட்டரி காலியாகும் பேச்சே இல்லை. ஃப்யூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும். அதற்கு முன்னால் இருக்கும் வயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் காப்பாற்ற ஒன்றும் கிடையாது.

வயர் 2.5 சதுர மில்லிமீட்டர். மெல்லிய வயர் போட்டால் என்ன நடக்கும் என்றால், ஹாலஜன் பல்புக்குப் போகும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். எர்த்தையும் பெயின்ட் அடித்த தகட்டில் முறுக்காமல், தனி வயராகப் பேட்டரி நெகட்டிவ் வரைக்கும் கொண்டுபோனேன். கனெக்டர்களின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டினேன். மழை, சேறு, தண்ணீர் தேங்கிய பாதை எல்லாம் பார்த்தாகிவிட்டது. மின்சாரப் பக்கம் இதுவரை ஒரு தொல்லையும் இல்லை.

தொல்லையெல்லாம் ஒளி எங்கே போய் விழுகிறது என்பதில்தான். விளக்கின் மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே, 7.6 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் ஒளியின் மேல் விளிம்பு விழ வேண்டும். காலி வண்டியில் அப்படித்தான் வைக்கிறேன். ஆனால் பிக்கப் காலியாக ஓடவா வாங்கினோம்? முன், பின் சக்கரங்களுக்கு நடுவே 3 மீட்டர் என்று வையுங்கள். லோடு ஏற்றிப் பின்பக்கம் 6 சென்டிமீட்டர் அமுங்கினால், அதே சுவரில் விளிம்பு 15 சென்டிமீட்டர் மேலே ஏறிவிடும். கீழே இருக்க வேண்டிய ஒளி விளக்கின் மையத்துக்கும் மேலே போய், பனிக்குள் பாய்கிறது, எதிரே வருகிறவர் கண்ணையும் குத்துகிறது. ஹெட்லைட்டுக்கு உயரம் மாற்ற வண்டிக்குள்ளேயே ஒரு குமிழ் இருக்கிறது. இதற்கு ஒன்றும் இல்லை. இறங்கி, ஸ்பானர் எடுத்து, போல்ட்டைத் தளர்த்தி, கையால் சாய்த்து, மறுபடி முறுக்க வேண்டும்.

அதையாவது பொறுத்துக்கொள்வேன். கரடுமுரடான பாதையில் கொஞ்ச நேரம் ஓடினாலே அந்த ஒற்றை போல்ட் நெகிழ்ந்து விளக்கு தானாகவே தலையை ஆட்டுகிறது. செட்டோடு வந்த ஸ்பிரிங் வாஷரை எறிந்துவிட்டு நைலான் லாக் நட் போட்டேன், பரவாயில்லை என்ற அளவுக்குக் குறைந்தது. முற்றிலும் நிற்கவில்லை, பிராக்கெட் தகடே மெல்லிசு. இவ்வளவு நல்ல கண்ணாடியையும் ரிஃப்ளெக்டரையும் செய்தவர்கள் கொஞ்சம் தடிமனான தகடு வைத்திருக்கலாம். இரண்டாவது போல்ட்டுக்கு ஒரு துளை போட்டிருந்தால் போதுமே! லோடு வண்டிக்கென்று விற்கிற பொருளில் இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே நண்பரே, லோடு ஏற்றுவீர்கள் என்றால் இந்த ஒற்றை போல்ட் வகை வேண்டாம். பம்பரில் ஃபாக் லைட்டுக்கென்றே இடம் விட்டிருந்தால், அதில் உட்காருகிற, அட்ஜஸ்ட் ஸ்க்ரூ உள்ள விளக்காகப் பாருங்கள். அதையும் வாங்கும் முன், அந்த ஸ்க்ரூவுக்கு வெளியிலிருந்தே ஸ்க்ரூடிரைவர் எட்டுகிறதா, ஃபெண்டர் லைனரை (சக்கரத்துக்கு மேலே உள்பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் உறையை) கழற்ற வேண்டியிருக்கிறதா என்று கேளுங்கள். வயரிங் மட்டும் நான் சொன்ன மாதிரியே செய்யுங்கள். என்னுடையதைக் கழற்றப் போகிறேனா என்றால், மாட்டேன். பனிக்காலம் வருகிறது.