பழைய டாஸ் வண்டியும் ஐட்லிங் நடுக்கமும்

என்னிடம் இருப்பது கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த டொயோட்டா டாஸ் 1.3 கார். 1996 முதல் 2006 வரை தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தெற்கே புராஸ்பெக்டனில் தயாரான வண்டி. சாட்ஸ்வர்த்தில் இருக்கும் எனக்குப் பக்கத்து ஊர்ச் சரக்கு. ஆனால் நான் வாங்கியது ஜோகன்னஸ்பர்க்காரர் ஒருவரிடம், செகண்ட் ஹேண்டில். பல வருஷமாக ஓட்டுகிறேன். ஓடும்போது குறையே இல்லை. சிக்னலில் நின்று எஞ்சின் ஐட்லிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) ஓடினால்தான் ஸ்டியரிங் நடுங்கும், சில நேரம் எஞ்சின் அணைந்தே போகும்.

இதைச் சொன்னால் எல்லாரும் "கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவு" என்பார்கள். நான் அதைக் கடைசிக்குத் தள்ளுவேன். முதலில் ஸ்பார்க், அதாவது பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி. எஞ்சின் ஓடும்போதே, ரப்பர் பிடி போட்ட பிளையரால் பிளக் ஒயரை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். எதை எடுத்தும் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் சும்மா இருக்கிறது. டர்பன் கடல் காற்றில், ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்புக்குள் வெள்ளைப் பொடி பூத்துவிடும். மழை நாளில் மட்டும் நடுக்கம் கூடினால் அங்கே பாருங்கள்.

என் வண்டியில் நான்கு சிலிண்டருமே ஒரே மாதிரி வேலை செய்தன. அப்படியானால் கோளாறு நான்குக்கும் பொதுவானது. ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டர் வாயைக் கெட்டி அட்டையால் பாதி மூடினேன். நடுக்கம் சட்டென்று அடங்கியது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். (உள்ளங்கையால் மூடும் மெக்கானிக்குகள் உண்டு. பேக்ஃபயர் ஆனால் கை பொசுங்கும்.)

அப்புறம் வேக்குவம் கேஜ், எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசையை அளக்கும் மீட்டர். கடல் மட்டத்தில் நல்ல எஞ்சினுக்கு முள் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவுக்குள் அசையாமல் நிற்கும். எனக்கு 14. ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர், அங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் 14 நல்ல ரீடிங். டர்பனில் அது கோளாறு. முள் விட்டுவிட்டுத் துள்ளினால் வால்வைச் சந்தேகிக்கலாம். தாழ்ந்து அசையாமல் நின்றால் காற்றுக் கசிவு, இல்லையென்றால் டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) பின்தங்கியிருக்கும். டைமிங் லைட் வைத்துப் பார்த்தேன், சரியாகவே இருந்தது.

மிச்சம் கசிவுதான். இந்த எஞ்சினில் கார்புரேட்டரைச் சுற்றி மெல்லிய ரப்பர் குழாய்கள் கூட்டமாக ஓடும். வயதானால் முனைகள் இறுகிவிடும். வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்பு வாய் திறக்கும். அப்படி இரண்டு அகப்பட்டன. கசிவு இருக்கும் இடத்தில் பட்டால் எஞ்சின் அதை உறிஞ்சி வேகமெடுக்கும் என்பதால், பிறகு கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயை இடம் இடமாகக் கொஞ்சம் அடித்தேன். எக்ஸாஸ்ட் பக்கம் படக்கூடாது, தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பிரேக்கை மிதிக்க உதவும் பிரேக் சர்வோவின் குழாயில் மாற்றமில்லை. கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகட்டின் பின் ஓரத்தில் பட்டதும் ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றும் வேகம்) ஏறியது.

கேஸ்கெட்டையும் குழாய்களையும் மாற்றியதும் முள் 18-க்கு வந்தது. ஆனாலும் லேசான உதறல் மிச்சமிருந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் காற்று மெலிது என்பதால், ஐட்லிங்கில் போகும் பெட்ரோல் அளவை மாற்றும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை அங்கே இறுக்கிப் பெட்ரோலைக் குறைத்திருக்கிறார்கள். இங்கே அதைக் கொஞ்சம் தளர்த்தியதும் அடங்கியது. கசிவை அடைக்காமல் ஸ்க்ரூவைத் திருகுவது வீண் வேலை. இன்று சரியாகத் தோன்றும், குழாய் இன்னும் கொஞ்சம் கிழிந்ததும் மறுபடி ஆடும்.

"தம்பி, இதை விற்றுவிட்டு இன்ஜெக்‌ஷன் வண்டி வாங்கேன்" என்று பக்கத்து வீட்டு மாமா இன்னும் சொல்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அது காற்றுக்கு ஏற்பத் தானே பெட்ரோலை அளந்துகொள்ளும். என்3 நெடுஞ்சாலையில் ஏறி ஜோகன்னஸ்பர்க் போனால் இப்போது பெட்ரோல் வாடை வரும், ஐட்லிங் கனக்கும். சில நாள் தங்கலுக்காக நான் ஸ்க்ரூவைத் தொடுவதில்லை.