கைக்காகப் போனேன், கழுத்தைப் பிடித்தார்

மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போன வேலையெல்லாம் நல்லபடியாக முடிந்தது. அதில் எழுத ஒன்றுமில்லை. எழுத வந்தது என் வலது கையைப் பற்றி.

கார்ப்பல் டனல். மணிக்கட்டில் குகை மாதிரி இருக்கும் குறுகிய வழியில் ஒரு நரம்பு நெரிபடுகிற தொல்லை. இரண்டு வருடமாக நடுராத்திரியில் கை மரத்துப்போய் எழுந்து, உதறு உதறென்று உதறிவிட்டுத்தான் மறுபடி படுப்பேன். வெளிநாட்டில் ஏழு வாரம் காத்திருந்து பிசியோதெரபிஸ்டைப் பார்த்தேன். அவர் என் கையைத் தொடவே இல்லை. திரையைப் பார்த்தபடியே கேள்விகள் கேட்டு, மணிக்கட்டு மடங்காமல் இரவில் கட்டிக்கொள்ள ஒரு ஸ்பிளிண்டும் படம் போட்ட தாளும் கொடுத்து அனுப்பிவிட்டார். (ஸ்பிளிண்ட் கொஞ்சம் உதவியது, பொய் சொல்லக் கூடாது.)

ஊரில் காத்திருப்பே இல்லை. முதலில் போன இடத்தில் மணிக்கட்டில் இரண்டு பட்டைகளை ஒட்டி மெஷினைப் போட்டுவிட்டு ஆள் மாயமாகிவிட்டார். இருபது நிமிடம்! அதுவும் ஒட்டியது சுண்டுவிரல் பக்கம். எனக்கு மரத்துப்போவது கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும், மோதிர விரலில் பாதியும். சுண்டுவிரலுக்குப் போவது வேறு நரம்பு, அது அந்தக் குகைக்குள் நுழைவதே இல்லை. நோயாளிக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லையே என்று எரிச்சலோடு வெளியே வந்தேன்.

இரண்டாவது இடத்தில் ஒரு இளம்பெண். இரண்டு புறங்கைகளையும் ஒட்டி, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொன்னார். அரை நிமிடத்திலேயே விரல்களில் எறும்பு ஊர்ந்தது. கட்டைவிரலுக்குக் கீழே உள்ள மேட்டை அழுத்திப் பார்த்தார். “இது வற்றியிருந்தா உங்க நேரத்தை வீணாக்க மாட்டேன் சார், நேரா சர்ஜன்கிட்ட அனுப்பியிருப்பேன்.”

அப்புறம் என் பின்னால் வந்து கழுத்தைப் பிடித்தார்.

“ஏம்மா, வலி கையிலதானே?”

“நரம்பு கழுத்துலேர்ந்துதான் சார் கிளம்புது.”

கழுத்து, தோள், முன்கை என்று இறங்கி மணிக்கட்டுக்கு வரவே கால் மணி நேரம். அங்கே இருக்கும் சின்ன எலும்புகளை ஒவ்வொன்றாக மெல்ல அசைத்தார். சொடக்கு இல்லை, முறுக்கல் இல்லை. ஒன்பது தசைநாண்களோடு அந்த ஒற்றை நரம்பும் நெருக்கியடித்துப் போகிற இடம், அதில் முரட்டுத்தனம் காட்டினால் வீக்கம்தான் கூடும் என்றார். கடைசியாக முழங்கையை நீட்டி மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கும்போது கழுத்தை அதே பக்கம் சாய்க்கப் பழக்கினார். நரம்பை இழுக்கக் கூடாதாம், வழுக்கிப் போக விட வேண்டுமாம். விறுவிறுத்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

அன்று இரவு சந்தேகத்தோடு தேடினேன். ஸ்பெயினில் 100 பெண்களை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2017-இல் வெளியாகியிருக்கிறது. இப்படிக் கையால் அழுத்தி, அசைத்துச் செய்யும் சிகிச்சையை வாரம் ஒன்றாக மூன்று முறை பெற்றவர்கள், ஒரு மாதத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைவிட நன்றாக இருந்திருக்கிறார்கள். மூன்றாம் மாதத்திலிருந்து ஓராண்டு வரை இரு தரப்பும் ஏறக்குறைய சமம். அந்த ஆய்விலும் கழுத்துக்குக் கை வைத்திருக்கிறார்கள்! எல்லோரும் பெண்கள் என்பதால் என் கைக்கு எவ்வளவு பொருந்துமோ.

நானும் மூன்று முறை போனேன். முழுதாகக் குணமாகவில்லை. ஆனால் கடைசி வாரத்தில் நான்கு இரவு உதறாமல் தூங்கினேன்.

திரும்பும் விமானத்தில் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து, கழுத்தைச் சாய்த்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். கூப்பிட்டதாக நினைத்துப் பணிப்பெண் இரண்டு முறை வந்து போனார்.