தோல் சீற்றுக்கு எண்ணெய் விடுவதாகச் சொல்லும் கடைகள் பற்றி ஓர் எச்சரிக்கை

சைக்கிளைத் திருத்தக் கொடுப்பவர்கள், அதில் உண்மையான தோல் சீற் பூட்டியிருந்தால், அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வண்டியை மட்டும் கடையில் விடுங்கள். சீற் கிளிப்பின் நட்டைத் தளர்த்தினால் போதும், இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தைச் செலவிடாததால், எட்டு ஆண்டுகள் பேணிய ஒரு சீற்றை நான் இழந்தேன்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஆசிரியராக இருக்கிறேன். வீட்டிலிருந்து பாடசாலைக்கு 6 கிலோமீற்றர், அதில் பாதிக்கு மேல் கிரவல் வீதி. எரிபொருள் வராத 1990களில் வன்னியில் நோயாளியும் விறகும் நெல்மூடையும் சைக்கிளில்தான் போயின என்பதை என் வயதினர் மறக்கமாட்டார்கள். அப்பாவின் றலி வண்டியில் இருந்த தோல் சீற்றை அவர் மழையில் பொலித்தீன் பையால் மூடுவதையும், நனைந்துவிட்டால் அடுப்படிக்குக் கொண்டுபோக எங்களை விடாமல் திண்ணை நிழலில் காயவைப்பதையும் பார்த்து வளர்ந்தவன் நான். ஆகவே 2015இல் சித்தப்பா இங்கிலாந்திலிருந்து வந்தபோது புரூக்ஸ் பி66 என்னும், பின்புறம் சுருள்வில் வைத்த தோல் சீற்றைக் கொண்டுவந்து தந்ததும், அதற்கென்றே என் லுமாலா சைக்கிளைப் புதுப்பித்தேன்.

இத்தகைய சீற் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொன்னால்தான் நடந்த கேட்டின் அளவு விளங்கும். இதில் ஸ்பொஞ்சும் இல்லை, பிளாஸ்ரிக் அடித்தட்டும் இல்லை. மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்திய, ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒற்றை மாட்டுத்தோல், முன்னால் மூக்கிலும் பின்னால் இரும்புச் சட்டத்திலும் ஆணியறைந்து, பறையில் தோலை இழுத்துக் கட்டுவதுபோல இழுத்து நிறுத்தப்பட்டிருக்கும். நம் ஊர்ப் பற்றைகளில் மஞ்சளாகப் பூக்கும் ஆவாரையின் பட்டையும் இதே வகைப் பதனிடலுக்குத்தான் முன்னர் பயன்பட்டது. நாம் ஏறி அமரும்போது அந்தத் தோல் சற்றே தாழ்ந்து மீண்டும் எழுகிறது. பல நூறு கிலோமீற்றர் ஓடியபின் இடுப்பெலும்பு இரண்டும் படும் இடங்களில் மட்டும் மெல்லப் பள்ளம் விழுந்து, ஓட்டுபவரின் உடம்புக்கே உரிய அச்சாக மாறுகிறது. என் சீற்றில் அந்த அச்சு விழ ஓராண்டுக்கு மேல் சென்றது. அதன்பின் நாரி நோவு என்னை விட்டுப் போயிற்று.

சித்தப்பா சீற்றுடன் தந்த சிறு ரின்னில், கொழுப்பும் மெழுகும் கலந்த பசை இருந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை, கடும் வெயிலுக்கு முன் ஒருமுறையும் ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறையும், விரல்நுனியில் எடுத்து மேற்புறத்தில் மெல்லியதாகத் தடவி, இரவு முழுவதும் விட்டுவிட்டுக் காலையில் துணியால் தேய்ப்பேன். அவ்வளவே பராமரிப்பு. 2023இல் அந்த ரின் முடிந்துவிட்டது. இங்கே எங்கும் வாங்க முடியவில்லை. ஏமாற்றப்படுவதற்கு அந்த இல்லாமையே வழி திறந்தது.

அவ்வாண்டு புரட்டாதியில், பின்சில்லின் அச்சிலுள்ள கோனும் போல்ஸும் (உருளும் இரும்புக் குண்டுகளும்) மாற்றுவதற்காக ஒரு சந்தியிலுள்ள கடையில் வண்டியைக் கொடுத்தேன். கடைக்காரர் சீற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, “சேர், தோல் நல்லா வறண்டு போச்சுது. மாரிக்கு முதல் ஒயில் விடாட்டி வெடிச்சுப் போகும். எங்களிட்டை சீற்றுக்கெண்டே வாற ஒயில் இருக்கு” என்றார். “என்ன ஒயில் அண்ணை?” என்று கேட்டதற்கு, “வெளிநாட்டுச் சாமான், பயப்பிடாதேங்கோ” என்பதே பதில். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. எண்ணெய் விட்ட கூலி 1,500 ரூபாய், வீட்டுக்குக் கொண்டுபோகத் தந்த பெயரொட்டாத ரின் 1,200 ரூபாய். இரண்டுக்கும் பற்றுச்சீட்டு இல்லை.

மூன்றாம் நாள் வண்டியைப் பெற்றபோது, தேன் நிறத்தில் இருந்த தோல் கறுத்து மினுங்கியது. விரலால் அழுத்தினால் உள்ளே போயிற்று. முதல் நாளே என் நீளக்காற்சட்டையில் கழுவினாலும் போகாத கறை படிந்தது. இரண்டு கிழமைக்குள் நடுப்பகுதி தொட்டில்போலத் தாழ்ந்து, இரு பக்க மடல்களும் வெளியே பிதுங்கித் தொடைகளை உரசின. திரும்பக் கொண்டுபோனபோது கடைக்காரர் மூக்கின் அடியிலுள்ள இழுவை நட்டை ஸ்பனரால் ஆறேழு முறை முழுச் சுற்றாகச் சுற்றினார். அந்த நட்டை ஒருமுறைக்குக் கால் சுற்று மட்டுமே, அதுவும் தோல் உண்மையிலேயே தளர்ந்தபின் மட்டுமே திருப்பலாம் என்பது எனக்குத் தெரிந்திருந்தும், அவருடைய கை நிறுத்தப்படுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. நவம்பர் நடுவில், மழையில் பாடசாலைக்குப் போகும் வழியில், மூக்கிலிருந்த ஆணித்துளைகளில் தோல் கிழிந்து சீற் முன்புறமாக மடிந்தது.

கிழிந்த சீற்றைச் சப்பாத்துத் தைக்கும் ஒரு முதியவரிடம் காட்டினேன். அவர் மடலின் ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி என் கையில் தந்தார்: வெட்டுமுகம் முழுவதும் கறுப்பாக எண்ணெய் ஊறியிருந்தது, நகத்தால் கிள்ளியபோது நார் நாராகப் பிரிந்தது. தோலின் நார்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதால்தான் அது பாரம் தாங்குகிறது. எண்ணெய் அளவுக்கு மேல் ஊறினால் நார்கள் வழுக்கி நீளும், நீண்டது திரும்பிச் சுருங்காது. தேங்காய் எண்ணெய் ஆனாலும் நல்லெண்ணெய் ஆனாலும் ஊறவைத்தால் இதே கதிதான் என்றார் அவர். பக்க மடல்களில் துளையிட்டு அடியால் கயிறு கோத்து இழுக்கலாம், ஆனால் மூக்கு கிழிந்தபின் அதற்கும் வழியில்லை.

அது என்ன எண்ணெய் என்பதைப் பின்னர் என் கண்ணாலேயே கண்டேன். நியாயம் கேட்கப் போன நாளில், கடையின் பின்புறத்தில் ஒரு பொடியன் மோட்டார் சைக்கிள்களிலிருந்து வடித்த கழிவு ஒயிலை வாளியிலிருந்து அதே மாதிரியான சிறு ரின்களில் ஊற்றிக்கொண்டிருந்தான். கேட்டபோது கடைக்காரர், “தோல் பழசு சேர், நாங்கள் என்ன செய்யிறது?” என்றார். பணம் திருப்பித் தர மறுத்துவிட்டு, 6,500 ரூபாய்க்கு ‘அசல் தோல் சீற்’ ஒன்றை எடுத்து நீட்டினார். நான் அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் பிளாஸ்ரிக் தட்டு, ஓரத்தில் பசையால் ஒட்டிய ரெக்சின், பிரிந்திருந்த இடத்தில் துணி நெசவு. உண்மையான தோல் சீற்றைக் கவிழ்த்தால் தோலின் சொரசொரப்பான உட்புறம் வெறுமையாகத் தெரியும்; அதை மூடி எதுவும் இருக்காது. விலை பேசுவதற்கு முன் கவிழ்த்துப் பாருங்கள்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டியது வியாபாரியின் கடமை. முறைப்பாட்டை மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். நான் தை மாத நடுப்பகுதியில்தான் இதை அறிந்தேன். கையில் பற்றுச்சீட்டும் இல்லை, காலமும் கடந்திருந்தது. கிழிந்த சீற்றையும் மீதி எண்ணெயுள்ள அந்த ரின்னையும் எறியாமல் வைத்திருக்கிறேன். யாராவது அதே கடைமீது உரிய காலத்தில் முறைப்பாடு செய்தால், சாட்சியாக வந்து நிற்க ஆயத்தமாக இருக்கிறேன்.

கடந்த கிழமை அவ்வழியால் நடந்து போனேன். கடையின் முன்தட்டில் அதே பெயரொட்டாத ரின்கள் ஐந்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தன.